பனி காணாத ஊரில் ஃபிரீஸ் பிளக்

என் தந்தையார் தம் காரின் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றியதில்லை. "தண்ணீரைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா?" என்பார். கார் என் கைக்கு வந்தபின், ஒருநாள் சிராங்கூன் சாலை நெரிசலில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஒரு பட்டறையில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். பிறகு ரப்பர் குழாய்களை மாற்றினார்கள். ஒழுக்கு நிற்கவில்லை. வேறொரு பட்டறையின் முதிய மெக்கானிக்தான் டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சின் பக்கவாட்டில், நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு. அதன் நடுவே ஊசித்துளை.

அதுவே ஃபிரீஸ் பிளக். வெல்ஷ் பிளக் என்றும் சொல்வர். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். அப்போது தகடு தெறித்து எஞ்சினைக் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. சில வேளை அப்படி நேரலாம். ஆனால் அதற்காகச் செய்யப்பட்டதன்று. எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது, நீரோடும் அறைகள் அமைவதற்காக மணல் கருவை உள்ளே வைக்கிறார்கள். பின்னர் மணலை வெளியேற்றும் துளைகளை அடைப்பதே இத்தகட்டின் வேலை. சிங்கப்பூரில் பனி ஏது? இங்கே இதைத் தின்பது துரு. கூலண்டில் துருத்தடுப்பு மருந்து உண்டு, வெறும் தண்ணீரில் இல்லை. ஆகையால் மெல்லிய எஃகு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது.

1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ள ஊர் இது. பத்தாண்டு கடந்த காரை வைத்துக்கொள்ளப் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அப்படிக் கட்டிய பிறகு, சொற்ப விலைத் தகட்டால் எஞ்சின் கொதித்து சிலிண்டர் ஹெட் கோணிப்போனால் வயிறு எரியாதா?

மாற்றும் முறை கடினமன்று. எஞ்சின் நன்றாக ஆறியபின் பழைய நீரைப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கூலண்ட் நஞ்சு, கால்வாயில் ஊற்றலாகாது. தகட்டின் ஒரு விளிம்பில் உளி வைத்துத் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும். உள்ளே விழாதபடி இடுக்கியால் பற்றி இழுத்துவிடலாம். துளையின் சுவரில் துருவைச் சுரண்டிப் பசை பூசி, அதே அளவுத் தகட்டைக் கிண்ண வாய் வெளிப்புறம் பார்க்க வைத்து, குழிவில் பொருந்தும் சாக்கெட்டால் நேராகத் தட்டி இறக்க வேண்டும். சாய்ந்தால் மீண்டும் ஒழுகும். பித்தளைத் தகடு துருப்பிடிக்காது. நான் அதையே கேட்டு வாங்கினேன். கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகடுதான் கூலியைக் கூட்டும். கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கழற்றிய தகடுகளில் ஒன்றை மெக்கானிக் என்னிடம் நீட்டினார். விரலால் அழுத்தினேன், அப்பளம்போல் நொறுங்கியது. "தம்பி, இந்த வண்டி பச்சைத் தண்ணீரே குடித்து வளர்ந்திருக்கிறது" என்றார். தந்தையாரிடம் காட்ட அவர் இல்லை. கூலண்டை வடிநீரில் கலந்து ஊற்றி, காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். அன்றிரவு காருக்கடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் தாள் காய்ந்தே இருந்தது.