அந்த மெழுகு பிளாக் பத்திரம்! மார்பகப் புற்றுநோயில் புரதங்கள் சொல்லும் சேதி

"கட்டிய எடுத்தாச்சுன்னு சொல்லுதாவ. பொறவு எதுக்கு மைனி இன்னொரு டெஸ்ட்டு?"

தென்காசி மாவட்டம் ராயகிரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். மார்பில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை என்பதால் வயல் வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள் பரீட்சை என்று சில மாதங்கள் தள்ளிப்போனது. அப்புறம் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறியாயிற்று. இப்போது கையில் ஒரு ரிப்போர்ட். அதில் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கி-67 என்று புரியாத நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகளும் நான்கு புரதங்களைப் பற்றியவை. எந்த மருந்து கேட்கும், நோய் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு, கீமோதெரபி தேவையா என்று டாக்டர் முடிவெடுக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது இவற்றைத்தான்.

ஒரே பெயர், பல நோய்கள்

மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உண்மையில் அது பல வகை. ஒரே அளவு கட்டி உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு மாத்திரை முக்கிய மருந்தாக இருக்கும். இன்னொருவருக்கு ஊசி மருந்து தேவைப்படும். அந்த வித்தியாசத்தைக் காட்டுவது 'ஐ.ஹெச்.சி.' என்ற பரிசோதனை. கட்டியின் மெல்லிய சீவலில் சாயம் ஏற்றி, எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

நான்கு வரிகளுக்கு அர்த்தம்

இ.ஆர்., பி.ஆர்.: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். 1896-ல் ஸ்காட்லாந்து டாக்டர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகப் புற்று சுருங்குவதைக் கண்டு எழுதினார். ஏன் என்பது அப்போது புரியவில்லை. சுமார் 60 ஆண்டுகள் கழித்து சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடையாளம் கண்டபோதுதான் விடை கிடைத்தது. இவை 'பாசிட்டிவ்' என்றால் கவலைப்பட வேண்டாம், நல்ல சேதிதான். டமாக்ஸிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் வேலை செய்யும். குறைந்தது 5 ஆண்டுகள் சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஹெர்-2: இந்தப் புரதம் அதிகமாக இருந்தால் புற்று வேகமாக வளரும். 0, 1+, 2+, 3+ என்று மதிப்பிடுவார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சந்தேகம். 'ஃபிஷ்' என்ற அடுத்த பரிசோதனை செய்தால்தான் தெளிவாகும். ஒரு காலத்தில் மோசமான சேதியாக இருந்த இந்த வரியை, 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுஸுமாப் மருந்து மாற்றியது. இன்று அதே வகை மருந்து இந்தியாவிலேயே தயாராகிறது.

கி-67: செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பெருகுகின்றன என்பதைச் சதவிகிதத்தில் சொல்வது. ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். 5 சதவிகிதமோ அதற்குக் கீழோ என்றால் மந்தம்; 30-ஐத் தொட்டால் வேகம். நடுவில் இருந்தால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள்.

இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றால் 'டிரிப்பிள் நெகட்டிவ்'. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த வகை அதிகம். இதற்கு ஹார்மோன் மாத்திரை உதவாது. ஆனால், கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை இது. எனவே, நம்பிக்கை இழந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லோருக்கும் கீமோ வேண்டுமா?

முடி கொட்டும், வாந்தி வரும், வேலைக்குப் போக முடியாது என்று நம் வீட்டுப் பெண்கள் பயப்படுவது கீமோவுக்குத்தான். இ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், ஆரம்ப நிலை என்று இருப்பவர்களில் பலருக்கு அது தேவைப்படாமலே போகலாம். 10,000-க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்ற 'டெய்லர்-எக்ஸ்' ஆய்வு 2018-ல் இதை உறுதி செய்தது. நிணநீர்க் கணுவில் பரவாமல், 21 மரபணுக்களைப் பார்க்கும் பரிசோதனையில் நடுத்தர மதிப்பெண் பெற்ற பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. 50 வயதுக்கு உட்பட்ட சிலருக்குத்தான் கீமோவால் கொஞ்சம் கூடுதல் பலன்.

அதே கேள்விக்குப் புரதங்களைக் கொண்டே விடை தேடியவர் மஞ்சிரி பக்ரே. அவர் பெங்களூருவில் 2011-ல் தொடங்கிய ஆன்கோஸ்டெம் நிறுவனம் 'கேன்அசிஸ்ட் பிரெஸ்ட்' என்ற பரிசோதனையை உருவாக்கியது. புற்றணுக்கள் இடம்பெயர்வதிலும் மருந்தை வெளியே தள்ளுவதிலும் பங்குள்ள 5 புரதங்களோடு, கட்டியின் அளவு, கிரேடு, நிணநீர்க் கணுவில் பரவல் ஆகிய மூன்றையும் சேர்த்து, கம்ப்யூட்டர் 100-க்கு ஒரு மதிப்பெண் தரும். 15.5 வரை என்றால் 5 ஆண்டுகளுக்குள் நோய் வேறு உறுப்பில் திரும்பி வரும் அபாயம் குறைவு; அதற்கு மேல் என்றால் அதிகம். இது எல்லோருக்குமான பரிசோதனை அல்ல, செலவும் உண்டு. மேலே சொன்ன வகையில் வருபவர்கள், 'எனக்கு இது பொருந்துமா?' என்று டாக்டரிடம் கேட்கலாம்.

ரத்தத்திலேயே பார்க்க முடியாதா?

'சி.ஏ. 15-3' என்ற ரத்தப் பரிசோதனையும் ஒரு புரதத்தைத்தான் அளக்கிறது. ஆனால், ஆரம்ப நிலைப் புற்றில் அது பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். பரவிய நோய்க்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கவனிக்கத்தான் அது உதவும். மார்பில் கட்டி இருக்கும்போது, 'ரத்தத்தில் ஒன்றுமில்லையே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டியை டாக்டரிடம் காட்டுவதும், மேமோகிராம் அல்லது ஸ்கேன், பயாப்ஸி செய்வதும்தான் வழி.

கோட்டை விடும் இடம்

வெட்டி எடுத்த கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். தாமதமானாலோ, வெறும் சலைனில் கிடந்தாலோ புரதங்கள் சிதைந்து, பாசிட்டிவாக வர வேண்டியது நெகட்டிவ் என்று வந்துவிடலாம். ஐந்து வருடம் காப்பாற்றக்கூடிய மாத்திரை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமலே போகும்.

ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவை மெழுகில் பதித்து வைப்பார்கள். அதுதான் 'பாரஃபின் பிளாக்'. கைக்கு அடக்கமான அந்தச் சின்ன வில்லையில்தான் எல்லாப் புரதங்களும் இருக்கின்றன. ஊர் மாறி, ஆஸ்பத்திரி மாறிப் போகும்போது ரிப்போர்ட்டோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

* ஆபரேஷனுக்கு முன்பே ஊசி பயாப்ஸி எடுத்து, புரதப் பரிசோதனை செய்வீர்களா? (சிலருக்குக் கீமோவை முதலில் தருவது நல்லது. அதை முடிவு செய்ய இது தேவை.)
* எடுத்த கட்டி உடனே ஃபார்மலினில் போகுமா?
* ஹெர்-2 2+ என்றால் ஃபிஷ் எங்கே செய்யலாம்?
* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு எவையெல்லாம் வரும்? (குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் பாதுகாப்பு உண்டு.)
* நோய் திரும்பினால் புதிய இடத்திலிருந்தும் பயாப்ஸி எடுப்பீர்களா? (புரதங்கள் மாறியிருக்கலாம்.)

டாக்டரிடம் இதையெல்லாம் கேட்கத் தயங்க வேண்டாம். எழுதிக்கொண்டு போய், பார்த்தே கேட்கலாம்.

திண்ணையில் கேட்ட கேள்விக்கு மைனியின் பதில் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: "ஏட்டி, கட்டி போயிருச்சு, சரி. அது எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான அதுக்கு ஏத்த மருந்து குடுப்பாவ? நாளைக்கு நானும் கூட வாரேன். அந்த மெழுகு பிளாக்க மறக்காம வாங்கிருவோம்."