ஒரு மேற்கோள் குறி, பத்து லட்சம் வெள்ளி

கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளப் பதிவு, ஒரு காகிதப் பேரேடு. அதில் கைவைக்க வேண்டுமானால் கிராணியின் (அலுவலக எழுத்தரின்) மேசைவரை வந்தாக வேண்டும். இன்று எத்தனையோ நிறுவனங்களின் சம்பளக் கணக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை உலாவியிலேயே திறந்து நிர்வகிக்க 1998இல் வந்த கருவி பிஎச்பிமைஅட்மின். விலை 0 வெள்ளி.

இந்தக் கருவியிலேயே கண்டுபிடிக்கப்பட்ட எஸ்கியூஎல் ஊடுருவல் (தரவுக்குள் கட்டளையைப் புகுத்தும் தாக்குதல்) ஓட்டைகள் 2019இல் 3, 2020இல் 5. அடைத்த பதிப்புகள் 4.8.5, 4.9.0.1, 4.9.2, மறு ஆண்டில் 4.9.4, 4.9.5, 4.9.6. இவையும் இலவசம்தான்.

எட்டில் பாதிக்கு மேல் வினை பெயரில் இருந்தது: பயனர் பெயர், தரவுத்தளப் பெயர். டி'குரூஸ் என்ற பெயரின் நடுவில் வரும் மேற்கோள் குறி ஒன்றே கவனமில்லாத நிரலைக் குழப்பிவிடும். பெயர் அங்கே முடிந்ததாக எண்ணி, மிச்சத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் அடைத்த ஓட்டை ஒன்றில், பயனரை உருவாக்கும் உரிமையுள்ளவர் விஷமப் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி வைப்பார். மேலதிகாரி அந்தக் கணக்கைத் திருத்தப் போகும்போது கட்டளை அவருடைய அதிகாரத்தில் ஓடும். சின்னக் கிராணி விதைத்தது பெரிய கிராணியின் விரலில் முளைக்கும்.

ஓட்டையை அடைக்காமல் விட்டால் ஆகும் செலவுக்கு 2015இல் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனம் சாட்சி. எஸ்கியூஎல் ஊடுருவலில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. அவர்களில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரமும் சேர்ந்து போனது. 2016இல் விதித்த அபராதம் 4,00,000 பவுண்டு. தலைக்கு 2.55 பவுண்டு, அதுவும் அரசுக் கருவூலத்துக்கு. என்னை உறுத்துவது வேறோர் எண்: அந்தத் தரவுத்தள மென்பொருளின் ஓட்டைக்குத் திருத்தம் வெளியாகி மூன்றரை ஆண்டுக்கு மேலாகியிருந்தது.

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3,00,000 வெள்ளியாக இருந்தது. 2024இன் திருத்தம் அதை 10,00,000 ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 1 முதல், கணிசமான பாதிப்பு தரக்கூடிய வகையில் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் சொல்ல வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக அந்த அபராதம் ஒரு தொழிலாளியின் 588 மாதச் சம்பளம், அதாவது 49 ஆண்டு. கொழுந்து பறிக்க வந்த வங்காளதேசத்தவர், நேப்பாளியர் ஆகியோரின் பாஸ்போர்ட் எண் செக்ரோலோடு வெளியே போனால், இதில் ஒரு காசும் அவர்களுக்கு வராது.

தோட்ட அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்கள் இன்றே இரண்டைப் பாருங்கள்: கருவியின் முகப்பில் உள்ள பதிப்பு எண், முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவர்களின் தலைக்கணக்கு.