கடைசல் பொறி: சிறியதா, பெரியதா?

மரங்கடையும் தொழில் சற்றே வளர்ந்ததும், இருக்கும் பொறியை விற்றுப் பெரியது வாங்கலாமா என்ற எண்ணம் எழுதல் இயல்பு. கைமுதலை இறக்குமுன் கணக்குப் பார்த்தல் நலம்.

சுழலும் அச்சுக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இடைவெளி 6 அங்குலமாயின், 12 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரம் அதில் சுழலாது. விட்டம் 24 அங்குலமானால், அதே தடிப்புள்ள மரத்தின் எடை நான்கு மடங்காகும். அதே சுழற்சியில் விளிம்பின் வேகம் இருமடங்காகும்.

மரங்கடைவோரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. விட்ட அங்குலத்தை நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் 6,000 முதல் 9,000க்குள் அடங்க வேண்டும். ஆகவே 3 அங்குலக் கிண்ணத்துக்கு 2,000 சுற்றுப் பொருந்தும். 24 அங்குலத் தட்டுக்கோ 250 சுற்றே போதும். எனவே, பெரிய பொறி எவ்வளவு விரைவாகச் சுழலும் என்பதைவிட, எவ்வளவு மெதுவாகச் சுழலும் என்று கேட்பதே அறிவுடைமை. எடை சமனில்லாத மரம் விரைந்து சுழன்றால், பிடியினின்று தெறித்து உயிருக்கே கேடு விளைக்கும்.

அதிர்வு மட்டுமே குறையாயின், பொறியின் தாங்கியில் மணல் மூட்டைகள் அடுக்கினாலே அது பெரிதும் அடங்கும். ஓராண்டில் வந்த வேலைகளுள், பொறியின் சிறுமையால் ஏற்க இயலாதவை எத்தனை என்று எண்ணுக. அவை சிலவாயின் பழையதே போதும். பலவாயின் பெரியது வாங்குதல் தகும்.