மக்கள் பெயரில் 18.94 லட்சம் கருத்துகள்: கணக்கில் வராத அரசியல் செல்வாக்கு

புதுதில்லி: அரசின் கொள்கை முடிவுகளைத் தமக்குச் சாதகமாக மாற்ற ஒரு நிறுவனம் யாரை அணுகியது, எவ்வளவு செலவிட்டது என்பதை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனங்களின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் அணுகுவோர் பதிவு செய்துகொண்டு, காலாண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இதே நோக்கில் 2013-இல் மக்களவையில் பிஜு ஜனதா தள உறுப்பினர் காளிகேஷ் நாராயண் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

எனினும், தொழில்நுட்ப நிறுவனங்களைப் பொருத்தவரை இத்தகைய சட்டம் மட்டுமே போதுமானதன்று. அமைச்சர்களைச் சந்திக்காமலேயே, தங்கள் பயனர்கள் வாயிலாக அரசுக்கு அழுத்தம் தர அவற்றால் இயலும்.

ஃபிரீ பேசிக்ஸ் விவகாரம்

தேர்ந்தெடுக்கப்பட்ட சில இணையதளங்களை மட்டும் கட்டணமின்றி வழங்கும் 'ஃபிரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஃபேஸ்புக் நிறுவனம் இந்தியாவில் செயல்படுத்தி வந்தது. இணையதளங்களுக்கேற்ப வெவ்வேறு கட்டணம் வசூலிக்கலாமா என்பது குறித்து, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2015 டிசம்பரில் பொதுமக்களின் கருத்தைக் கோரியது.

இதையடுத்து, திட்டத்தை ஆதரித்து டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்புமாறு பயனர்களுக்கு ஃபேஸ்புக் தனது தளத்திலேயே அழைப்பு விடுத்தது. மின்னஞ்சலின் வாசகங்களும் முன்கூட்டியே தயாரித்து அளிக்கப்பட்டன. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்களும் வெளியாயின. இணைய வசதி இல்லாதோருக்கு அதைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்று நிறுவனம் வாதிட்டது.

டிராய்க்கு வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் 18.94 லட்சம் ஃபிரீ பேசிக்ஸை ஆதரித்தன. அவற்றில் 13.5 லட்சம் 'ஃபேஸ்புக்மெயில்' முகவரியிலிருந்தும், 5.44 லட்சம் 'சப்போர்ட்ஃபிரீபேசிக்ஸ்' முகவரியிலிருந்தும் வந்தவை. ஆனால், டிராய் எழுப்பிய கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. கலந்தாலோசனையை வாக்கெடுப்பாக மாற்றும் முயற்சி இது என்று டிராய் கண்டித்தது. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி பாகுபாடான கட்டண முறைக்குத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் ஃபேஸ்புக் இந்தத் திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது.

சட்டத்தின் இடைவெளி

சொந்தத் தளத்தில் அறிவிப்பு வெளியிட நிறுவனத்துக்குத் தனிச் செலவு ஏதுமில்லை. எனவே, செலவுக் கணக்கை மட்டும் கோரும் சட்டத்தின் பார்வையில் அது படாது. பொதுமக்களைத் திரட்டி அழுத்தம் தருவதை அமெரிக்கச் சட்டமும் கட்டாய அறிக்கையின் வரம்புக்குள் கொண்டுவரவில்லை.

வெளிப்படைத்தன்மையே தீர்வு

கருத்துகள் எங்கிருந்து வந்தன என்பதை டிராய் வெளியிட்டதாலேயே அந்தப் பிரசாரத்தின் தன்மை தெரியவந்தது. எல்லாக் கலந்தாலோசனைகளிலும் இந்நடைமுறை பின்பற்றப்படுவதில்லை. பெறப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என 2014-ஆம் ஆண்டின் சட்ட முன்கலந்தாய்வுக் கொள்கை கூறுகிறது. ஆனால், 2022 நவம்பரில் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு மசோதா மீது கருத்து கோரிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், பெறப்படும் கருத்துகள் எந்த நிலையிலும் வெளியிடப்படமாட்டா என அறிவித்தது. மசோதா 2023 ஆகஸ்டில் சட்டமானது. தங்கள் தரவுகளைக் கையாளும் நிறுவனங்கள் அச்சட்டம் குறித்து அரசிடம் என்ன கோரின என்பதை அந்தக் கலந்தாலோசனையின் வாயிலாகக் குடிமக்களால் அறிய முடியவில்லை.