8 வயதில் உலக சாம்பியன், பள்ளிப் பருவத்திலேயே கோச்: ஏரிக்கரை கிராமத்து கிக் பாக்ஸர் தஜாமுல் இஸ்லாம் சாதித்தது எப்படி?

பழவேற்காட்டில் இருந்து சென்னைக்கு சுமார் 60 கிலோமீட்டர். வடக்கு காஷ்மீரின் பந்திபோராவில் இருந்து ஸ்ரீநகருக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். இரண்டுமே ஏரியை நம்பி வாழும் மக்கள் இருக்கும் பகுதிகள். இங்கே இறாலும் நண்டும் தரும் பழவேற்காடு ஏரி. அங்கே மீனும் தாமரைத்தண்டும் தரும் வூலர் ஏரி. இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு குழந்தை விளையாட்டில் பெரிதாக வரணும் என்றால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'டவுனுக்குப் போய் கத்துக்கணும்.'

பந்திபோராவில் அந்தப் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம், தஜாமுல் இஸ்லாம் என்ற கிக் பாக்ஸர்.

யார் இந்த தஜாமுல்?

பந்திபோரா மாவட்டத்தின் தர்க்போரா கிராமத்தைச் சேர்ந்தவர். அப்பா டிரைவர். ஸ்டேடியத்தில் பிள்ளைகள் தற்காப்புக் கலைப் பயிற்சி செய்வதைப் பார்த்து, தானும் சேரணும் என்று வீட்டில் கேட்டிருக்கிறார். அப்போது அவர் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சின்னப் பெண். உள்ளூர் பயிற்சியாளர் ஃபைசல் அலி தாரிடம் சேர்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே வேகம்தான். 2015-ல் டெல்லியில் நடந்த தேசியப் போட்டியில் சப்-ஜூனியர் பிரிவில் தங்கம். 2016 நவம்பரில் இத்தாலியின் ஆண்ட்ரியா நகரில் நடந்த உலக கிக் பாக்ஸிங் சாம்பியன்ஷிப்பிலும் தங்கம். அப்போது வயது 8. ஐந்து வருடம் கழித்து, 2021 அக்டோபரில் எகிப்தின் கெய்ரோவில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீண்டும் உலகப் பட்டம். இறுதிப் போட்டியில் அர்ஜென்டினா வீராங்கனையை வென்றார்.

கெய்ரோவுக்குப் போகும்போது அவர் வெறும் போட்டியாளர் மட்டும் இல்லை. சொந்த ஊரில் 'ஹைதர் ஸ்போர்ட்ஸ் அகாடமி' என்ற பெயரில் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவளானதும் எலும்பு டாக்டராக ஆகணும் என்று சின்ன வயதில் பேட்டிகளில் சொன்னவர், அதற்கு முன்பே கோச் ஆகிவிட்டார்.

கிக் பாக்ஸிங்கில் என்ன செய்வார்கள்?

பாக்ஸிங்கில் கை மட்டும். இதில் கையும் உண்டு, காலும் உண்டு. ஜப்பானின் கராத்தேவும் தாய்லாந்தின் முவாய் தாயும் கலந்து 1960-களில் உருவான விளையாட்டு இது.

'இதுல குழந்தைகளை விடலாமா?' என்ற கேள்வி நியாயமானது. உலக அமைப்பான வாகோவின் விதிகளில் போட்டிகள் இரண்டு வகை. ஒன்று மேட்டில் நடப்பது. பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட் எல்லாம் இதில் வரும். இதில் அடியின் பலத்தைவிட, கட்டுப்பாட்டோடு சரியான இடத்தைத் தொடுவதற்குத்தான் புள்ளி. இரண்டாவது, ரிங்குக்குள் நடக்கும் ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1. இதில்தான் முழு பலத்தோடு அடிப்பார்கள். குழந்தைகள் தொடங்க வேண்டிய இடம் மேட். அதிலும் ஹெல்மெட், கிளவ்ஸ், ஷின் கார்டு, மவுத் கார்டு இல்லாமல் இறங்கக் கூடாது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கோச்?

வழக்கமாக ஆடி முடித்து, ஓய்வு பெற்ற பிறகுதான் கோச் ஆவார்கள். கே-1 உலக கிராண்ட் பிரீ பட்டத்தை 1997, 1999, 2000, 2002 என நான்கு முறை வென்ற நெதர்லாந்தின் எர்னெஸ்டோ ஹூஸ்ட் அப்படித்தான் பயிற்சிப் பக்கம் வந்தார். ஆனால் அது டிவி, ஸ்பான்சர், பரிசுப் பணம் எல்லாம் இருந்த உலகம்.

ஜூனியர் கிக் பாக்ஸிங்கில் அந்த வருமானம் கிடையாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021 ஜூலையில் வாகோவுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது உண்மை. ஆனால் அங்கீகாரம் வேறு, ஒலிம்பிக்கில் இடம் வேறு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிக் பாக்ஸிங் இல்லை. அதனால் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் கவனமும் காசும் இங்கே வருவது கஷ்டம். தங்கம் வாங்கினாலும் அடுத்த வருடப் பயணச் செலவுக்கு மறுபடி கை நீட்ட வேண்டிய நிலை வரலாம்.

இப்படிப்பட்ட விளையாட்டில் பதக்கம் அலமாரியில் இருந்துவிடும். ஊரில் நிலைத்து நிற்பது பயிற்சிதான். ஃபைசல் அலி தார் ஊரிலேயே இருந்ததால் தஜாமுல் கிடைத்தார். அந்தப் பணிக்காக 2022-ல் ஃபைசலுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தஜாமுல் ஊரிலேயே சொல்லிக்கொடுப்பதால் இன்னொரு தலைமுறை வருகிறது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு, சொல்லிக்கொடுப்பதும் ஒரு பெண்தான் என்பது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. பழவேற்காட்டில் இருந்து சென்னைக்கு வரும் வழியில் இருக்கும் வடசென்னையின் பாக்ஸிங் வரலாறே 'வாத்தியார்'களின் வரலாறுதான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் போன்ற பரம்பரைகளில், வித்தை தெரிந்தவர் தன் பேட்டையில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் அது தொடர்ந்தது.

பழவேற்காடு மீனவர்களுக்கும் இந்த யோசனை அந்நியம் இல்லை. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு அடுத்தவருக்கும் போகணும் என்பதுதான் அதன் அடிப்படை. கோச்சிங்கும் அதே கணக்குதான். ஒரு கூரை, கொஞ்சம் மேட், அடி வாங்க ரெண்டு மூணு பேட், ஊரிலேயே தங்கும் ஒரு வாத்தியார். ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

* கிக் பாக்ஸிங்கில் பல அமைப்புகள் தனித்தனியாக 'உலகப் போட்டி' நடத்துகின்றன. சான்றிதழில் இருக்கும் அமைப்பின் பெயரைப் பாருங்கள். வாகோவின் இந்தியக் கிளை, வாகோ இந்தியா கிக் பாக்ஸிங் ஃபெடரேஷன். அரசு வேலை, கல்லூரி ஒதுக்கீடு பற்றி யாராவது வாக்குக் கொடுத்தால், அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.
* வெளிநாட்டுப் போட்டிக்குப் பணம் கட்டச் சொன்னால், தேர்வு எப்படி நடந்தது, செலவில் எது எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.
* எடைப் பிரிவுக்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் கோச் வேண்டாம்.
* தலையில் பலமாக அடிபட்டால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடியும் கிளவ்ஸ்.
* திறமை இருந்தும் பணம் தடையாக இருந்தால், 2023-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையில் உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. அகாடமி சுவரில் மாட்டியிருக்கும் பதக்கங்களை எண்ணுவதற்கு முன்னால், அங்கே கற்றுக்கொண்டவர்களில் எத்தனை பேர் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.