கவிமணியின் உமர்கய்யாம்: இடைமொழி வழி வந்த பாரசீகக் கவிதை

ஆய்வுச்சுருக்கம்
கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘உமர்கய்யாம் பாடல்கள்’ பாரசீக மூலத்திலிருந்து நேரே பெயர்க்கப்பட்டதன்று. ஆங்கிலத்தின் வழி வந்தது. ஒரு பாடலின் பொருள்கள் மும்மொழியிலும் மாறிய முறையை ஒப்பிட்டு, கவிமணியின் மொழிபெயர்ப்பு நெறியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கவிமணி, உமர்கய்யாம், ருபாயத், பிட்ஸ்ஜெரால்டு, எதுகை, இயைபு.

முன்னுரை
கவிமணி (1876–1954) நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர்; ஆசிரியராகப் பணியாற்றியவர். எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவி ‘ஆசிய ஜோதி’யை இயற்றியவர். ‘உமர்கய்யாம் பாடல்க’ளும் அவ்வாறே ஆங்கிலத்தை அடியொற்றியது. இந்நூலைப் பாரசீகத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் குறை காண்பதும், ஆங்கிலத்தின் நிழல் என ஒதுக்குவதும் பொருந்தா.

இடைமொழி நூல்
கய்யாம் (1048–1131) நிஷாப்பூரைச் சேர்ந்த கணித, வானியல் அறிஞர். ருபாய் என்பது நான்கடித் தனிப்பாடல். முதல், இரண்டு, நான்காம் அடிகள் இறுதியில் ஒத்து முடிவது அதன் பெருவழக்கு. கய்யாம் பெயரில் வழங்குவனவற்றுள் எவை அவருடையவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுள் 75 பாடல்களாகத் தேர்ந்தும் இணைத்தும் எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தனித்தனிப் பாடல்களை விடியல் முதல் இரவு வரை செல்லும் ஒரே கோவையாக்கியது அவரது ஆக்கமே.

ஒரு பாடலின் மூன்று வடிவங்கள்
மரநிழலில் மதுவும் துணையும் வாய்த்த இன்பத்தைப் பாடும் பாடல் தமிழரிடையே பெரிதும் அறியப்பட்டது. பாரசீகத்தில் இதற்கு அடிப்படை இரண்டு பாடல்கள். ஒன்றில் கோதுமை ரொட்டி, இரண்டு மணங்கு மது, ஆட்டுத் தொடை, அழகிய துணை ஆகியவை இடம்பெறுகின்றன. மற்றொன்றில் மதுவோடு கவிதை நூலும் அரை ரொட்டியும் வருகின்றன. இரண்டிலும் களம் பாழிடம்; ஒப்புமை சுல்தானின் ஆட்சி.

பிட்ஸ்ஜெரால்டு ஆட்டிறைச்சியை நீக்கி, ரொட்டியையும் கவிதை நூலையும் வைத்துக்கொண்டார். பாழிடத்தோடு மரக்கிளையின் நிழலையும் சேர்த்தார். சுல்தானின் ஆட்சிக்கு ஈடாகச் சொர்க்கத்தைக் கொண்டார். கவிமணியும் சொர்க்கத்தையே கொள்கிறார். ஆங்கிலமே அவருக்கு மூலம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவர் ரொட்டியையும் விலக்கித் தென்றலைச் சேர்க்கிறார். பெயரற்ற கவிதை நூல் கம்பன் கவியாகிறது. உணவு படிப்படியாக மறைய, கவிதைக்கு ஊர் வாய்க்கிறது.

யாப்பு
ருபாயின் அடியிறுதி ஒப்புமையைக் கவிமணி அப்படியே பின்பற்றவில்லை. அறுசீர் விருத்தத்தில் நான்கடிகளையும் எதுகையால் தொடுக்கிறார். ‘உண்டு’ என்னும் சொல் பெரும்பாலான அரையடிகளின் இறுதியில் திரும்ப வருவதால் இயைபும் அமைகிறது. பாரசீகக் கவிதையில் இயைபுக்குப்பின் ஒரே சொல் மீள வரும் ‘ரதீப்’ மரபை இது நினைவூட்டுகிறது. பிட்ஸ்ஜெரால்டின் பாடலில் இவ்வமைப்பு இல்லை. எனவே ஆங்கிலம் கைவிட்ட ஓசையின்பம் ஒன்றைத் தமிழ் யாப்பு தன் வழியே ஈட்டிக்கொண்டது எனலாம்.

முடிவுரை
சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் கவிமணியின் பாடல் மூலத்திலிருந்து இரு படிகள் விலகியதாகும். ஆனால் அவ்விலகல்கள் அறியாமையால் நேர்ந்தவை அல்ல. தமிழ்ப் படிப்பாளிக்கு உரிய பொருளையும் ஓசையையும் தேர்ந்தமையால் விளைந்தவை. ஆகவே இடைமொழி வழி வந்த பெயர்ப்புகளை ஆராய்வோர், மூலத்தில் இழந்ததோடு பெறுமொழி ஈட்டியதையும் கணக்கிட வேண்டும். இடைமொழி நூலைக் குறிப்பிடாது பாரசீகத்தோடு மட்டும் செய்யும் ஒப்பீடு பிட்ஸ்ஜெரால்டின் மாற்றங்களைக் கவிமணியின்மேல் ஏற்றிவிடும்.