செவ்வி என்னும் தூது

திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்னும் ஐம்பத்தேழாம் அதிகாரத்தை அண்மையில் ஒரு நாள் வகுப்பிலே படிப்பித்துக்கொண்டிருந்தேன். காண்டற்கு அரியவனாயும், கண்டவிடத்து முகங்கடுப்பவனாயும் இருக்கும் அரசனுடைய பெருஞ்செல்வம் பேயின் பார்வையிலே கிடக்கும் செல்வத்தை ஒக்கும் என்பது அங்கே வள்ளுவர் கூறும் கருத்து. அரசனைக் காண்டற்கு வாய்க்கும் சமயத்தை அவர் 'செவ்வி' என்னும் சொல்லாற் குறிக்கின்றார். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அமைச்சரோடும் தூதுவரோடும் நிருபர் உரையாடுவதைப் பத்திரிகையிலே செவ்வி என்று போடுகின்றார்களே, அந்தச் செவ்வியும் இந்தச் செவ்வியும் ஒன்றோ?" என்று வினவினான். ஒன்றே என்றேன். அவன் அமரவில்லை. "அப்படியானால், அமெரிக்கச் சனாதிபதி எங்கேயோ ஒரு நிருபருக்குச் செவ்வி கொடுப்பதனால், இந்த வாவிக்கரையில் இருக்கிற எங்களுக்கு ஆவதென்ன, ஐயா?" என்று அடுத்த வினாவையும் தொடுத்தான். மணி அடித்துவிட்டது. வகுப்பிலே சொல்ல நேரம் போதாத விடையை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

தமிழகத்தார் 'பேட்டி' என்றும் 'நேர்காணல்' என்றும் கூறுவதை ஈழத்தார் 'செவ்வி' என்று வழங்குதல் யாவரும் அறிந்ததே. பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு இத்துணைப் பொருத்தமாக எடுத்தாண்டவர் எவராயினும் அவர் நன்றிக்குரியவர். ஏனெனில், அச்சொல்லினுள்ளே ஓர் அரசியல் நீதி அடங்கிக் கிடக்கின்றது. ஆள்வோன் காட்சிக்கு எளியனாதல் அவன் மக்களுக்கு இடும் பிச்சை அன்று. அவன் செலுத்தவேண்டிய கடன் என்பதே அந்நீதி.

எமது கரையைத் தொட்ட அலை

மாணவனுடைய வினாவுக்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. எமது கடலே விடை கூறும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகலில், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய வானூர்திகள் தாக்கி மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட முதற் கப்பல் என்று பெயர்பெற்ற அக்கலத்திலே அன்று போர்விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். அதனுடன் சென்ற 'வம்பயர்' என்னும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அமிழ்ந்தது. நீரிலே தத்தளித்தோருட் பலரை 'வீற்றா' என்னும் வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஹேர்மிஸ் இன்றும் எமது கடலடியிலேயே கிடக்கின்றது.

தோக்கியோவிலும் இலண்டனிலும் வாஷிங்ரனிலும் எழுந்த பகை எங்கள் மீனவர் வலைவீசும் நீரிலே வந்து வெடித்தது. அப்பகை முற்றுமுன்னர் எங்களை எவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கும் வழியும் எங்களுக்கு இருந்ததில்லை.

போர் முடிந்து ஆண்டுகள் சில கழிந்தன. 1951ஆம் ஆண்டு செப்ரெம்பரில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்தற்பொருட்டு ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே மாநாடு கூடிற்று. அப்போது இலங்கையின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா, செப்ரெம்பர் 6ஆம் திகதி அம்மாநாட்டிலே பேசினார். வான்வழித் தாக்குதலாலும், பெரும்படைகள் இங்கே தங்கியதாலும், போர்த்தேவைக்காக இறப்பர் மரங்களிலே அளவிறந்து பால் வெட்டப்பட்டதாலும் இலங்கை அடைந்த கேட்டை எடுத்துரைத்து, அதற்கு ஈடு கேட்கும் உரிமை இருந்தும் நாம் கேளோம் என்றார். பகை பகையால் தணியாது என்னும் புத்தர்பிரானின் போதனையை அதற்குக் காரணங் காட்டினார். சோவியத் நாடும் போலந்தும் செக்கோசிலோவாக்கியாவும் ஒப்பமிட மறுக்க, யப்பான் உட்பட 49 நாடுகள் செப்ரெம்பர் 8ஆம் திகதி கைச்சாத்திட்டன. ஹேர்மிஸ் மூழ்கிய கடலின் கணக்கு, அமெரிக்க மேற்குக் கரையிலே இவ்வாறு தீர்க்கப்பட்டது.

பின்னும் ஒன்று கூறுவேன். 1962ஆம் ஆண்டில், அமெரிக்கர் சொத்தைத் தக்க ஈடு கொடாது எடுத்துக்கொள்ளும் நாட்டுக்கு உதவி நிறுத்தப்படவேண்டும் என்றொரு திருத்தம் அமெரிக்கச் சட்டத்திலே சேர்ந்தது. அயோவா மாநிலத்துச் செனற்றர் ஹிக்கன்லூப்பரின் பெயரால் அது வழங்கும். எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை அக்காலத்து இலங்கை அரசு பொறுப்பேற்றபோது, 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் அத்திருத்தம் முதன்முதலாக இலங்கைமீதே பாய்ந்தது. 2022ஆம் ஆண்டிலோ உக்ரைனில் மூண்ட போர் எரிபொருள் விலையை உயர்த்தியது. எமது நாட்டின் சொந்த நெருக்கடியோடு அதுவுஞ் சேர்ந்தபோது, மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிலே கிடந்தமையை மாணவரும் கண்ணாரக் கண்டனர்.

ஆகவே, தொலைநாட்டுத் தலைவன் ஒருவன் யாது நினைக்கின்றான் என்பது எமக்கு வேண்டாத செய்தி அன்று. அவனை நாம் அணுகிக் கேட்டல் இயலாது. எம்பொருட்டு அணுகிக் கேட்பவன் நிருபன். அவன் எவ்வரசும் அனுப்பாத தூதன். காட்சி பெறமாட்டாத மக்கள் அனுப்பிய தூதன்.

பழைய தூதும் புதிய தூதும்

தூதின் இலக்கணத்தைத் தமிழர் பண்டே வகுத்தனர். குறளில் அதற்குத் தனி அதிகாரம் உண்டு. தானே வகுத்துக் கூறுவோன், பிறர் கூறியதைக் கூறுவோன் எனத் தூதரை இருவகைப்படுத்துவர் உரையாசிரியர். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரைப் புறநானூறு காட்டும். நெய் பூசிப் பீலி சூட்டி மாளிகையில் வைத்திருக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வார்போன்று, அதியமானின் வேல்கள் போரிலே முனை சிதைந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார் அவர். இகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் போரறியாதவன் யார், போரிலே பழகியவன் யார் என்பது கேட்டோனுக்கு விளங்கிற்று.

செவ்வி காண்போனுக்கும் இத்திறம் வேண்டும். அவன் வாளேந்திச் செல்வதில்லை, வினாவேந்திச் செல்கின்றான். அவ்வினா செய்யத்தக்கது யாது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

முதலாவது, 1972ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இத்தாலிய எழுத்தாளர் ஓரியானா பல்லாச்சி அம்மையாருக்குப் பாகிஸ்தான் சனாதிபதி பூட்டோ செவ்வி வழங்கினார். அதிலே இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியை அவர் மிக எளிதாகப் பேசிவிட்டார். வங்காளதேசப் போர் முடிந்து, இரு தலைவரும் சந்தித்து உடன்படிக்கை செய்யவேண்டிய வேளை அது. செவ்வி வெளிவந்ததும் இந்திரா அம்மையார் சினங்கொண்டார் என்றும், அச்சொற்கள் தம் கற்பனை என்று அறிவிக்குமாறு பூட்டோவின் ஆட்கள் தம்மை வேண்டினர் என்றும், தாம் இணங்கவில்லை என்றும் பல்லாச்சி பின்னர் எழுதினார். அந்த ஆண்டு யூலையில் சிம்லா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அடக்கமின்றிச் சொன்ன சில சொற்கள் இரு பெருநாடுகளின் சமாதானத்தை ஆட்டிப் பார்த்தமை கருதத்தக்கது. நாகாக்க வேண்டியவருள் முதல்வர் நாடாள்வோரே.

இரண்டாவது, 1977ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நிகழ்ந்தது. எகிப்துக்கும் இஸ்ரவேலுக்கும் இடையே அதுகாறும் போர்கள் நான்கு நடந்திருந்தன. எருசலேமுக்குச் செல்லவும் தாம் ஆயத்தம் என்று எகிப்தியச் சனாதிபதி அன்வர் சதாத் தம் நாட்டுப் பாராளுமன்றத்திலே சில நாள் முன்னர்க் கூறியிருந்தார். அதனை மேடைப்பேச்சு என்று கருதினோர் பலர். அமெரிக்கத் தொலைக்காட்சியாளர் வால்ட்டர் குரொங்கைட், செயற்கைக்கோள் வழியாகக் கெய்ரோவில் இருந்த சதாத்திடம், எப்போது செல்வீர், அதற்குத் தடை யாது என்று அடுத்தடுத்து வினவினார். முறையான அழைப்பு ஒன்றே வேண்டுவது, ஒரு வாரத்துள்ளும் செல்லலாம் என்றார் சதாத். அதே நாளில் இஸ்ரவேற் பிரதமர் பெகினிடமும் குரொங்கைட் வினவ, அழைப்பு விடுப்பதற்கு அவரும் இசைந்தார். நவம்பர் 19ஆம் திகதி சதாத் எருசலேமில் இறங்கினார். 1979ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் திகதி வாஷிங்ரனில் இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்தன. சமாதானத்தைச் செய்தவர் நிருபர் அல்லர். ஆயினும், 'எப்போது' என்ற ஒரு சிறு சொல், மேடைப்பேச்சை வாக்குறுதி ஆக்கிற்று.

மூன்றாவது, 2003ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் திகதி நிகழ்ந்தது. ஈராக்குமீது படையெடுப்புத் தொடங்குதற்குச் சில நாள் முன்னர், அமெரிக்க உபசனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியிலே செவ்வி வழங்கினார். ஈராக்கியர் எம்மை விடுதலை செய்ய வந்தோராகவே வரவேற்பர் என்பது அவர் கூற்று. செவ்வி கண்ட ரிம் றஸற் அத்துடன் விடவில்லை. வென்றடக்க வந்தோராகக் கருதி மக்கள் எதிர்த்தால், போர் நீண்டு குருதி பெருகினால், அமெரிக்க மக்கள் அதற்கு ஆயத்தமோ என்று வினவினார். அவ்வாறு நேரும் என்று தாம் எண்ணவில்லை என்றார் செனி. பின்னர் நேர்ந்ததை உலகறியும். படையெடுப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் அங்கே அகப்படவில்லை. போரும் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அச்செவ்வி போரைத் தடுக்கவில்லை. ஆயினும், எச்சரிக்கை ஒருவராற் கூறப்பட்டது என்பதற்கும், ஆள்வோர் அதனைத் தள்ளினர் என்பதற்கும் அது சான்றாக நிற்கின்றது.

இம்மூன்றினாலும் பெறப்படுவது யாது? செவ்வியென்பது ஆள்வோனுடைய சொல்லை மக்களிடத்து அடைக்கலமாக வைப்பது. அடைக்கலப் பொருளைக் காத்தல் யார் கடன்? வாசகர் கடன்.

வாசகர் கடன்

செவ்வியின் பெயரால் முகமன் மொழிவோர் எக்காலத்தும் உளர். தலைவன் கேட்க விரும்பும் வினாவையே கேட்டு, அவன் சொல்ல விரும்பும் விடையையே பெற்று மீளும் நிருபன், தூதன் அல்லன், கட்டியங்காரன். இருவரையும் வேறுபிரித்து அறிதற்கு மாணவர்க்கு நான் சொல்லும் முறை எளிது. செவ்வியைப் படிக்குங்கால், பேசுபவர் தம் கருத்தை வகுத்துக் கூறுகின்றாரோ, பிறர் கூறச்சொன்னதைக் கூறுகின்றாரோ என்று முதலிலே பார்க்க. அடுத்து, எவ்வினாவுக்கு விடை கூறாது வேறொன்றைக் கூறினார் என்று பார்க்க; பெரும்பாலும் உண்மை அவ்விடத்திலேதான் ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, அதனைக் கத்தரித்துத் திகதியிட்டுக் கொப்பியிலே ஒட்டிவைத்து, ஓராண்டின் பின் எடுத்து மீண்டும் படிக்க. காலத்தைப்போல நேர்மையான உரையாசிரியர் வேறெவரும் இலர்.

இம்மூன்றையும் இவ்வூரவர்க்குச் சொல்லும்போது என் நெஞ்சு கனப்பதுண்டு. வினாவின் விலையை அறிந்த ஊர் இது. வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபராய் இருந்த ஐயாத்துரை நடேசன் 2004ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இந்நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிலே 1959ஆம் ஆண்டு பிறந்து, 'தராக்கி' என்னும் புனைபெயரால் போரையும் வல்லரசுகளின் போக்கையும் ஆராய்ந்தெழுதிய தருமரத்தினம் சிவராம் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பிலே கடத்தப்பட்டார். மறுநாள் அவருடைய உடலே கிடைத்தது. அவர் கருத்துக்களோடு உடன்பட்டோரும் உளர், மாறுபட்டோரும் உளர். ஆயினும், பிறநாட்டு இராசதந்திரிகளும் நிருபர்களும் அவரைத் தேடிவந்து கேட்டனர் என்பதை எவரும் மறுக்கமாட்டார். மட்டக்களப்புக் கோயில் ஒன்றை ஆராய வந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர், அவரோடு பல்லாண்டு உரையாடி, 2007ஆம் ஆண்டில் அவரைப்பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அமெரிக்காவைப் பற்றி நாம் வினவ, அமெரிக்கர் ஒருவர் இங்கு வந்து எம்மவரிடம் செவ்வி கேட்ட காலமும் இருந்தது.

வினாவுக்கு விடை சொல்ல மாட்டாதவனே வினவுவோனைக் கொல்லத் துணிவான். காட்சிக்கு அரியனாய், முகங்கடுத்து இருக்கும் ஆட்சியின் முடிந்த முடிபு அதுவே. வள்ளுவர் பேயை ஏன் உவமையாக்கினார் என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து விளங்கியதைக் காட்டிலும் இவ்வூரில் வாழ்ந்தமையால் நன்கு விளங்கிற்று.

கல்லடிப் பாலத்தின் கீழே நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பர். அதனைக் கேட்க விரும்புவோர் படகை நிறுத்தித் துடுப்பை நீரினுள் இறக்கி, மேல்நுனியிலே காதை வைப்பர். பாலத்தின்மேல் விரைந்து செல்வோர்க்கு வாகன ஓசையன்றி வேறொன்றுங் கேளாது. உலக நடப்பும் அத்தகையதே. தலைப்புச் செய்தி பாலத்து ஓசை. நல்ல செவ்வி நீரினுள் இறக்கிய துடுப்பு.

அடுத்த வகுப்பிலே அந்த மாணவனுக்கு இத்துணையும் சொல்லப்போவதில்லை. "தம்பி, உனது வினா நல்ல வினா. அதைக் கேட்டுக்கொண்டே இரு" என்று சொல்வேன். அஞ்சாது எழுந்துநின்று வினவும் பிள்ளை ஒருவன் பின்வரிசையில் இருக்குமட்டும், இவ்வூர் விடுக்கும் தூதுக்கு ஆள் இல்லாமற் போகாது.